பழைய சிங்கமும் புதிய சிங்கமும்: ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வசிக்கிறேன். வயது 24. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். சிறுவயதிலிருந்தே அனிமேஷன் படங்கள் என்றால் எனக்கு உயிர். அப்பா பர்மா பஜாரில் வாங்கிவந்த, 1994-இல் கையால் வரைந்து எடுத்த ‘தி லயன் கிங்’ டிவிடியைத் தேயத் தேயப் பார்த்து வளர்ந்தவள் நான். 2019-இல் அதே படத்தை மறுபடியும் எடுத்தபோது ஏற்பட்ட ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை. அதன்பின் ஒவ்வொரு ரீமேக் வரும்போதும் இணையத்தில் நான் இருக்கும் சினிமாக் குழுக்களில் எழுதுகிறேன். எழுதும்போதெல்லாம் சண்டையில் முடிகிறது. ‘பொம்மைப் படத்துக்கு இவ்வளவு அழுகையா’ என்கிறார்கள். ‘முடிந்தால் நீ ஒன்று எடுத்துக் காட்டு’ என்கிறார்கள். பிளஸ் டூ படிக்கும் என் தம்பிக்கோ புதிய படம்தான் பிடிக்கும். போன மாதம் இதை வைத்தே இருவருக்கும் வாக்குவாதம் முற்றி, சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் பழையதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேனா? ரீமேக் எடுப்பதே தவறு என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறதா? இல்லை, இதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பேசுவதை விட வேண்டாம். ஒரு படத்தின் மீது இவ்வளவு ஆண்டுகள் அக்கறை குறையாமல் இருப்பவர்கள் எங்கள் தொழிலுக்குத் தேவை. ஸ்டுடியோவில் அனிமேட்டராக வேலை செய்து, இப்போது பெரம்பூரில் பிள்ளைகளுக்கு அனிமேஷன் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் ஏமாற்றம் நிறைய இருக்கிறது. திரையில் எந்த இடத்தில் என்ன குறைந்தது என்பது ஒரு வரியில்கூட இல்லை. உங்கள் சண்டைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன என்று நினைக்கிறேன்.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 2019-இல் ஜான் ஃபாவ்ரோ இயக்கிய ‘தி லயன் கிங்’கை எல்லோரும் ‘லைவ் ஆக்‌ஷன்’ என்றே பேசுகிறார்கள். நிஜ நடிகர்களையும் இடங்களையும் கேமராவில் பிடித்த படம் என்று அதற்குப் பொருள். அது அப்படிப்பட்ட படம் அல்ல. தொடக்கத்தில் வரும் சூரிய உதயத்தைத் தவிர, அந்தப் படத்தில் கேமராவால் எடுத்த காட்சி எதுவும் இல்லை என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார். மற்ற அனைத்தும், புல்லும் தூசியும் பிடரி மயிரும் உட்பட, கணினியில் உருவாக்கப்பட்டவை. லண்டனில் உள்ள கலைஞர்களோடு நமக்குப் பக்கத்தில் பெங்களூரில் இருந்த அனிமேட்டர்களும் அதற்காக உழைத்தார்கள். கோல்டன் குளோப் விருதில் அது சிறந்த அனிமேஷன் படப் பிரிவில் போட்டியிட்டது. ஆஸ்கரில் காட்சி விளைவுகள் பிரிவில் போட்டியிட்டது. ஆகவே, அனிமேஷனைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற வாதம் இந்தப் படத்துக்குப் பொருந்தாது. தான் அனிமேஷன் என்பது தெரிந்துவிடக் கூடாது என்று முயன்ற அனிமேஷன் படம் அது. நீங்கள் உணர்ந்த குறையின் வேரும் அந்த முயற்சியில்தான் இருக்கிறது.

ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தான் எப்போது ராஜா ஆவோம் என்று கதையின் நாயகனான சிங்க இளவரசன், குட்டி சிம்பா, துள்ளிக்கொண்டு பாடும் பாட்டு. 1994-ஆம் ஆண்டுப் படத்தில் அந்தப் பாட்டு தொடங்கியதும், அதுவரை இயற்கையாக இருந்த சமவெளி மறைந்துவிடுகிறது. வானம் இளஞ்சிவப்பாகிறது, தரை மஞ்சளாகிறது. பின்னணியில் ஆழமே இல்லாமல், துணியில் அச்சிட்ட கோலங்களைப் போலத் தட்டையான வண்ணங்கள் வருகின்றன. விலங்குகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கோபுரமாக நிற்க, உச்சியில் சிம்பா நிற்கிறான். கோபுரம் சரிந்ததும், குட்டிகளுக்குக் காவலாக வந்த ஜாஜு என்ற பறவை, பாவம், ஒரு காண்டாமிருகத்தின் அடியில் நசுங்கிக் கிடக்கிறது. ஓவியர்கள் இதை வேடிக்கைக்காக மட்டும் செய்யவில்லை. அதிகாரம் என்றால் உலகம் தன் விருப்பப்படி நிறம் மாறும், எல்லா உயிர்களும் தன்னைத் தூக்கிப் பிடிக்கும் என்று நினைக்கும் ஒரு குழந்தையின் மனத்துக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார்கள். அந்த நினைப்பு பிற்பாடு உடையப்போகிறது என்பதால்தான் இங்கே அதை இவ்வளவு உயரத்துக்குக் கட்டுகிறார்கள். 2019-ஆம் ஆண்டுப் படத்தில் அதே பாட்டுக்கு, சிம்பாவும் அவன் தோழி நாலாவும் நீர்நிலை ஓரமாக மற்ற விலங்குகளின் கால்களுக்கு இடையே ஓடுகின்றன. வெயில் அழகாக விழுகிறது, நீர் தெறிப்பது அச்சு அசல். ஆனால் நாம் பார்ப்பது ஓடும் குட்டிகளைத்தான். சிம்பாவின் மனத்துக்குள் நாம் போகவே இல்லை. உண்மையான விலங்கு கோபுரமாக ஏறி நிற்காது, உண்மையான வானம் பாட்டுக்காக நிறம் மாறாது என்ற விதியை அந்தப் படம் தனக்குத் தானே போட்டுக்கொண்டதால், இந்த இடத்தில் அதற்கு வேறு வழியே இல்லாமல் போயிற்று.

முகங்களிலும் இதே கதைதான். என் வகுப்பில் புதிதாகச் சேர்பவர்களுக்கு, பாதி நிரம்பிய ஓர் அரிசிப் பையை வரையச் சொல்வேன். கண் கிடையாது, வாய் கிடையாது. பையின் நான்கு முனைகளும் நடுவில் தொங்கும் கனமும் மட்டுந்தான். அதை வைத்துக்கொண்டு, பை சோகமாக இருக்க வேண்டும், பிறகு பயப்பட வேண்டும், பிறகு கர்வத்தோடு நடக்க வேண்டும். உலகம் முழுவதும் அனிமேஷன் பள்ளிகளில் இருக்கும் பழைய பயிற்சி இது. அங்கெல்லாம் மாவுப் பையை வரைவார்கள். மேல்முனைகள் தொங்கி எடை அடியில் தேங்கினால், பார்ப்பவருக்கு நெஞ்சு கனக்கிறது. அதே பை நிமிர்ந்து நடு இறுகினால் வீம்பு தெரிகிறது. உணர்ச்சி என்பது வடிவம் மாறுவதில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் ஓரிரு வகுப்புகளிலேயே கையால் உணர்ந்துவிடுவார்கள். 1994-இல் வரைந்தவர்கள் சிங்கத்துக்கு இல்லாத புருவத்தைக் கொடுத்தார்கள். வில்லனான சித்தப்பா ஸ்காரின் ஒற்றைப் புருவம் ஏறும்போதே அவன் பொய் சொல்லப்போகிறான் என்று நமக்குத் தெரிந்துவிடும். தந்தையின் உடலைக் குட்டி முட்டி எழுப்பப் பார்க்கும் இடத்தில், அதன் புருவத்தின் உள்முனை மேலே ஏறி நடுங்குவதை நிறுத்திவைத்துப் பாருங்கள். புதிய படத்தின் சிங்கங்களுக்கு, நிஜமான சிங்கத்தின் முகத் தசைகள் எந்த அளவுக்கு அசையுமோ அந்த அளவுதான் அனுமதி. அதனால் குரல் அழுகிறது, முகம் வெயிலில் படுத்திருக்கும் சிங்கத்தின் முகமாகவே இருக்கிறது. அனிமேட்டர்களுக்குத் திறமை குறைவு என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள்; ஒரு தசைகூட மிகையாக அசையாமல் அவ்வளவு நேரம் கட்டுப்படுத்துவது மிகக் கடினமான வேலை. அவர்களிடம் கேட்கப்பட்ட வேலை அது.

இந்த அளவுக்கு விவரமாக நீங்கள் சொல்லியிருந்தால், உங்கள் தம்பி ஒப்புக்கொள்ளாவிட்டாலும் கேட்டிருப்பான்.

ரீமேக் எடுப்பதே தவறா என்ற கேள்விக்கு வருகிறேன். தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தமிழில் பிறந்த யாரும் அப்படிச் சொல்வது கடினம். வான்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனின் இராவணன் அவளைத் தீண்டாமல், இருந்த இடத்தின் நிலத்தோடு பர்ணசாலையையே பெயர்த்து எடுத்துச் செல்கிறான். கதை அதேதான். ஆனால் யாருக்காகப் பாடுகிறோம், அவர்கள் எதைப் பொறுப்பார்கள், எதைப் பொறுக்கமாட்டார்கள் என்று யோசித்த ஒரு கவியின் முடிவு அங்கே தெரிகிறது. நம் காலத்திலும் பாருங்கள். ஜீத்து ஜோசப் மலையாளத்தில் 2013-இல் எடுத்த ‘த்ரிஷ்யம்’ படத்தை, 2015-இல் அவரே தமிழில் ‘பாபநாச’மாக எடுத்தார். இடுக்கி மலைப்பக்கத்துக் குடும்பம் திருநெல்வேலிச் சீமைக் குடும்பமாயிற்று. பேச்சும் வீடும் மாறின. இரண்டையும் பார்த்துவிட்டு இரண்டையும் ரசிக்கிறவர்கள் நம்மிடையே ஏராளம்.

நீங்கள் நேசிக்கும் பழைய அனிமேஷன் படங்களில் பலவும் இப்படி மாற்றி எடுக்கப்பட்டவைதாம். டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1837-இல் எழுதிய கடற்கன்னிக் கதையில் அந்தப் பெண் இளவரசனை அடையாமல் கடல் நுரையாகக் கரைகிறாள். 1989-ஆம் ஆண்டு அனிமேஷன் படம் அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தது. ஜப்பானில் எய்கோ கடோனோ 1985-இல் எழுதிய ‘கிகி’ நாவல், துடைப்பத்தில் பறக்கும் ஒரு சூனியக்காரச் சிறுமியைப் பற்றிய சின்னச் சின்ன நிகழ்ச்சிகளின் தொகுப்பு. அதை 1989-இல் படமாக்கிய ஹயாவோ மியாசாகி, முடிவில் ஒரு வான்கப்பல் விபத்தையும் பறக்க முடியாமல் தவிக்கும் பெண்ணின் மனச்சோர்வையும் சேர்த்தார். எழுத்தாளருக்கு அந்த மாற்றங்கள் முதலில் உவப்பாக இல்லை. படமோ இன்றும் பார்க்கப்படுகிறது.

ஆகவே நான் எந்த ரீமேக்கிடமும் எந்தத் தழுவலிடமும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன். ஊடகம் மாறியது, காலம் மாறியது; அந்த மாற்றத்தால் அந்தப் படம் தானாக எடுத்த முடிவு என்ன? இதே ஃபாவ்ரோ 2016-இல் எடுத்த ‘தி ஜங்கிள் புக்’ இதற்கு நல்ல பதில் சொல்கிறது. 1967-ஆம் ஆண்டுப் படத்தில் குரங்கு ராஜாவாக வந்த ஒராங்குட்டான் இந்தியக் காட்டில் வாழும் விலங்கு அல்ல. விலங்குகளை நிஜம்போலக் காட்டப்போகும் படத்துக்கு அது இடறும் என்பதால், அழிந்துபோன ஜைகாண்டோபித்திகஸ் என்ற ராட்சதக் குரங்கை அந்த இடத்தில் வைத்தார்கள். கோமாளித்தனமான பாட்டாக இருந்த காட்சி, பாழடைந்த கோயிலின் இருட்டில் ஒரு சிறுவனை மலை போன்ற உருவம் விசாரிக்கும் காட்சியாக மாறிற்று. முடிவும் மாறியது: காட்டில் வளர்ந்த சிறுவனான மௌக்லி பழைய படத்தில் மனிதர்களின் கிராமத்துக்குப் போகிறான், புதியவன் காட்டிலேயே தங்கிவிடுகிறான். பழைய படம் பிடித்தவர்களும் இதோடு மல்லுக்கட்டலாம், அதற்கு இடம் இருக்கிறது. வரிக்கு வரி நகலெடுக்கும் படத்தோடு மல்லுக்கட்டுவதற்கு எதுவும் இல்லை என்பதுதான் அதன் பெரிய குறை.

ஏன் இப்படி எடுக்கிறார்கள் என்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளுக்கு டிக்கெட் எடுப்பவர்கள். பெயரை அறிமுகப்படுத்தும் செலவு மிச்சம். 2019-ஆம் ஆண்டு ‘தி லயன் கிங்’ உலகம் முழுவதும் 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்தக் கணக்கு இருக்கும்வரை எடுப்பார்கள். வசூல் எண்ணைக் காட்டி ஒரு படத்தை உயர்த்துவதும், வசூல் விழுந்ததைக் காட்டி மகிழ்வதும் சினிமாவைப் பற்றிய பேச்சில் சேராது; உங்கள் பதிவுகளில் அது இருந்தால் எடுத்துவிடுங்கள்.

தம்பியின் விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 2019-இல் அவனுக்குப் பத்துப் பதினோரு வயது இருந்திருக்கும். தமிழில் பார்த்திருந்தால், சித்தார்த்தின் குரலில் பேசும் சிம்பாவும், அரவிந்த் சாமியின் குரலில் பேசும் ஸ்காரும், சிங்கம்புலியும் ரோபோ சங்கரும் சிம்பாவின் நண்பர்கள் டிமோனும் பும்பாவுமாகச் செய்த ரகளையும்தான் அவனுடைய ‘தி லயன் கிங்’. அரங்கின் இருட்டில் பெரிய திரையில் அவன் அடைந்ததும், வீட்டில் டிவிடியில் நீங்கள் அடைந்ததும் ஒரே மகிழ்ச்சிதான். அதைத் தவறு என்று நிரூபிக்க முயன்றால் அவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? உங்கள் டிவிடியை யாராவது அப்படிப் பேசியிருந்தால் உங்களுக்கும் வந்திருக்கும்.

அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சிம்பா உயிரோடு இருக்கும் செய்தி ரஃபிகி என்ற குரங்குப் பெரியவரை அடையும் இடத்தை இரண்டு படங்களிலும் பாருங்கள். பழைய படத்தில் காற்று அதைச் சுமந்துகொண்டு வருகிறது. சில நொடிகளில் முடிந்துவிடும். புதிய படத்தில் சிம்பாவின் பிடரியிலிருந்து உதிர்ந்த ஒரு கொத்து மயிர் காற்றிலும் நீரிலும் மிதந்து, பறவையின் கூட்டுக்குப் போய், இலையோடு ஒட்டகச்சிவிங்கியின் வயிற்றுக்குள் போய், சாணமாக வெளியே வந்து, வண்டு உருட்டும் உருண்டையில் பயணம் செய்து, எறும்புகளின் முதுகில் ஏறி ரஃபிகியின் கைக்கு வருகிறது. உயிர்கள் அனைத்தும் ஒன்றை ஒன்று சார்ந்து சுழல்கின்றன என்று படம் முழுவதும் வாயால் சொல்லப்படும் கருத்து, இங்கே ஒரு வார்த்தைகூட இல்லாமல் கண்ணுக்குத் தெரிகிறது. நிஜம்போன்ற பாணி இருந்ததால் மட்டுமே இந்தக் காட்சிக்கு இந்த எடை கிடைத்தது. ஊடகம் மாறியதால் அந்தப் படம் தானாக எடுத்த முடிவு இது. 88 நிமிடப் படத்தை 118 நிமிடமாக்கியதில் எனக்குப் பிடித்த நிமிடங்கள் இவைதாம். தம்பியிடம் இந்தக் காட்சியை நீங்களே பாராட்டுங்கள். பிறகு நான் மேலே சொன்ன ராஜா பாட்டை இரண்டு படங்களிலும் அடுத்தடுத்துப் போட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி, அவன் என்ன பார்க்கிறான் என்று கேளுங்கள். முதலில் ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள். நல்ல பாட்டு காட்சியின் குறைகளை மறைத்துவிடும்.

இணையத்தில் எழுதுவதைப் பற்றி. நீங்கள் வட சென்னைக்காரர். எண்பதுகளில், தொண்ணூறுகளில் நம் பகுதி என்றாலே கத்தியும் கைலியும்தான் என்று திரையில் காட்டினார்கள்; இன்றும் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2021-இல் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தபோது, எழுபதுகளின் குத்துச்சண்டையை அறிந்த பெரியவர்கள் இங்கே எங்கள் தெருவில் அதைப் பேசியதைக் கேட்டேன். கால் எடுத்து வைக்கும் விதம், கையுறை, மேடைக்கு வெளியே நின்று கத்துபவர்களின் பேச்சு என்று ஒவ்வொன்றாக எடுத்து, இது சரி, இது அப்படி இருக்காது என்றார்கள். படம் பிடித்தவரும் பிடிக்காதவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேச முடிந்தது; ஏனென்றால் பேச்சு கண்ட பொருளின் மீது இருந்தது. அனிமேஷனைப் பற்றியும் நீங்கள் அப்படியே எழுதலாம்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2023-இல் வந்த கடற்கன்னி ரீமேக்கில் ஹாலி பெய்லி என்ற கறுப்பினப் பெண் நாயகியாக நடித்தார். படம் வருவதற்கு வெகு முன்பே, முன்னோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, அவருடைய நிறத்தைச் சொல்லி இணையத்தில் வசை பாடினார்கள். அவர்களும் தங்களைப் பழைய படத்தின் காவலர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். நிறத்தையும் பேட்டையையும் வைத்து ஆளை எடைபோடுவதன் வலி நமக்குப் புதிதல்ல. பொத்தாம்பொதுவாக ‘பழையதைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று நீங்கள் எழுதும்போது, உங்கள் குரல் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத அந்தக் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துவிடும். எதிரே இருப்பவரும் உங்களை அவர்களில் ஒருவராகவே நினைத்துப் பதில் சொல்வார். கடலடிக் காட்சிகளில் நண்டுக்கும் மீனுக்கும் முகபாவம் இல்லாமல் போனதைச் சொல்லுங்கள், வண்ணம் மங்கியதைச் சொல்லுங்கள். அவை உண்மையான குறைகள். நடிகையின் தோலுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்பது படிப்பவருக்கும் விளங்கும். முன்னோட்டத்துக்கு எழுதாதீர்கள், படத்துக்கு எழுதுங்கள். படம் பார்த்த இரவே எழுதாமல் ஒரு நாள் விட்டு எழுதினால், கோபம் வடிந்து காட்சிகள் தெளியும். பெரிய குழுவில் பத்துப் பேரோடு மோதுவதைவிட, உண்மையிலேயே பார்த்துவிட்டுப் பேசும் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு தனியாகப் பேசுவது மேல்.

‘நீ ஒன்று எடுத்துக் காட்டு’ என்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். சாப்பாட்டில் உப்பு கூடியதைச் சொல்லச் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும், உங்களுக்கே ஆசை இருந்தால் தடுக்க ஒன்றும் இல்லை. 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பெற்ற ‘ஃப்ளோ’, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவானது. ஒரு பூனையின் பயணத்தைச் சொல்லும் அந்தப் படத்தில் வசனமே கிடையாது. ‘பொம்மைப் படம்’ என்று கேலி செய்பவர்களிடம் வாதாட வேண்டாம். போரில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினியில் கரைவதைச் சொல்லும் தகஹாதாவின் 1988-ஆம் ஆண்டுப் படம் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’ஸை ஒருமுறை உட்காரவைத்துக் காட்டுங்கள், அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டியிருக்காது.

தம்பியோடு அடுத்துப் பார்க்க ஒரு படத்தையும் சொல்லிவிடுகிறேன். யூகோ சாகோவும் நம் நாட்டு ராம் மோகனும் சேர்ந்து ஜப்பானிய ஓவியர்களைக் கொண்டு கையால் வரைந்து எடுத்த இராமாயணம், ‘தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உருவான அந்தப் படம், 2025 ஜனவரியில் தமிழ்க் குரல்களோடு இந்தியத் திரையரங்குகளுக்குப் புதிதாக வந்தது. அதில் உங்கள் இருவருக்கும் பழையது, புதியது என்ற கட்சி கிடையாது. கதை இருவருக்கும் தெரிந்ததுதான். சீதையை இராவணன் தூக்கிச் செல்லும் இடம் வரும்போது படத்தை நிறுத்திவிட்டு, இந்த ஓவியர்கள் அதை எப்படிக் காட்டியிருக்கிறார்கள், ஏன் அப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று இருவரும் பேசிப்பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்